பழைய பிளாக்

“ஒரு கையெழுத்துக்கு ஒன்பது நாளா சார்?”

லேப் ஜன்னலில் நின்ற பெண்ணின் அப்பா மூன்றாவது மாடி வார்டில் படுத்திருந்தார். பஸ் டிரைவர். அவருடைய ஈரலிலிருந்து ஊசியால் எடுத்த சதைதான் இங்கே வந்திருந்தது.

“டாக்டர் இன்னும் பார்த்துக்கிட்டிருக்காங்கம்மா,” என்றார் டெக்னீஷியன்.

“அப்படி என்னத்தைப் பார்க்கிறாங்க?”

அவருக்கும் தெரியவில்லை. பெருகும் செல்களை மட்டும் பழுப்பாகக் காட்டும் சாயம் போட்டு, எண்ணியும் ஆயிற்று. நூற்றுக்கு நாற்பத்தைந்து. இருபதைத் தாண்டினாலே மூர்க்கமான கட்டி.

உள்ளே, பேதாலஜி டாக்டரம்மாவின் ஸ்பீக்கர் போனில் கேன்சர் டாக்டர் பொறுமையிழந்துகொண்டிருந்தார்.

“ஹார்மோன் சுரக்கிற செல்லுல வந்த கட்டி. வேகமா வளருது. மோசமான வகைன்னு எழுதிக் கொடுங்க. திங்கட்கிழமை கீமோ ஆரம்பிக்கணும்.”

“வேகம் ஒண்ணா இருக்கலாம் சார். ரகம் ரெண்டு. பிறக்கும்போதே வெறியோட பிறக்கிறது ஒண்ணு. சாதுவா இருந்து அப்புறம் வெறி பிடிக்கிறது இன்னொண்ணு. ரெண்டாவது உங்க கீமோவுக்குச் சரியாக் கேட்காது. அதுக்கு மாத்திரை இருக்கு. ஆளும் கொஞ்ச காலம் கூடுதலா உயிரோட இருப்பார்.”

“செல்லைப் பார்த்தா தெரியலையா?”

“நசுங்கியிருக்கு. கணையத்துல ஆரம்பிச்சு ஈரலுக்குப் பரவினதா இருக்கலாம். ரெண்டு வருஷம் முன்னாடி இவர் கணையத்துல எடுத்த சதை நம்ம ஸ்டோர்ல இருக்கணும். அதைப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

“அது வெறும் அழற்சின்னு அப்பவே ரிப்போர்ட் வந்தாச்சே.”

“வந்தாச்சு. பார்த்துட்டுச் சொல்றேன்.”

“நீங்க பார்த்து முடிக்கிறதுக்குள்ள ஆள் போய்ச் சேர்ந்துடுவார்.”

போன் துண்டிக்கப்பட்டது.

ஸ்டோரில் பெட்டிகள் இடம் மாறிக் கிடந்தன. மெழுகில் பதித்த சதைத் துண்டுகள், பிளாக்குகள், ஆயிரக்கணக்கில். டெக்னீஷியன் நான்காவது நாளாகக் குனிந்து தேடினார்.

“இன்னுமா கிடைக்கலை?” என்றார் ஸ்டோர்காரர்.

“பழைய ரிப்போர்ட்ல ஓட்டை தேடுறாங்க. எவன் தலை உருளப் போகுதோ.”

“அடுத்தவன் தப்பைத் தோண்டுறதுன்னா சிலருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.”

மதியம் பிளாக் கிடைத்தது. மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி, மறுநாள் காலை கொண்டுபோய் வைத்தார்.

டாக்டரம்மா வெகுநேரம் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை.

“நீங்களும் பாருங்க,” என்றார் கடைசியில். “அழற்சியில கணையம் சுருங்கினா, ஹார்மோன் செல் மட்டும் திட்டுத் திட்டா மிஞ்சும். பார்க்கக் கட்டி மாதிரியே இருக்கும். அப்ப இதையும் அப்படி மிஞ்சினதுன்னு முடிவு பண்ணியாச்சு. மிஞ்சினது இல்ல. கட்டியேதான். சாதுவா இருந்த சமயம்.”

“அப்ப ரெண்டாவது ரகம்.”

“ஆமா. கீமோ வேண்டாம்னு மேல சொல்லிடுங்க.”

“அன்னைக்கே பிடிச்சிருந்தா மேடம்?”

“அறுத்து எடுத்திருக்கலாம்.”

அவர் ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்தார். கட்டியின் ரகம். அதன் கீழே இன்னொரு வரி: முந்தைய ரிப்போர்ட் தவறு.

டெக்னீஷியன் தயங்கினார். “ரகத்தை மட்டும் எழுதினாப் போதாதா? பழசை யாரும் கேட்கப் போறதில்ல. அந்த டாக்டருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும் மேடம்.”

“இருக்கு,” என்றார் டாக்டரம்மா.

கையெழுத்துப் போட்டார். ஜன்னல் வழியாக நீட்டவில்லை. கதவைத் திறந்து அந்தப் பெண்ணை உள்ளே அழைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“அப்பாவுக்கு வேற மருந்தும்மா. அது கொஞ்சம் நல்ல செய்தி. இன்னொண்ணும் சொல்லணும். ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த சதையிலயே இது இருந்தது. அப்பவே கண்டுபிடிச்சிருந்தா ஆபரேஷனோட போயிருக்கும்.”

அந்தப் பெண் ரிப்போர்ட்டை வாசிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அதை அப்ப யாரு பார்த்தது?”

“நான்.”