நாலாவது ஆள்

மௌனசாமி வழக்கம்போல விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேர்வு தொடங்கப் போகிற நேரத்தில்கூட மனுஷனுக்கு மோட்டுவளைதான் முக்கியம். பக்கத்தில் இருந்த டெய்லரக்கா அவரை முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

ஆங்கிலப் பேச்சு வகுப்பின் கடைசி நாள் அது. ஒவ்வொரு மேசையிலும் நாலு பேர் ஒரு குழு. மாஸ்டர் குழுவில் யாராவது ஒருவரை எழுப்பிக் கேள்வி கேட்பார். அவர் தேறினால் நாலு பேரும் பாஸ், அவர் கவிழ்ந்தால் நாலு பேரும் கவிழ வேண்டியதுதான்.

டெய்லரக்காவுக்கு இந்தக் குழுச் சமாசாரமே ஆகாது. தன் துணியைத் தானே வெட்டித் தானே தைத்துப் பழகிய கை அது. அடுத்தவர் கோணலாக வெட்டிய துணிக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே மாஸ்டரிடம் சண்டை பிடித்தாள். சான்றிதழ் வாங்கினால்தான் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர் பதவி. இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் உட்கார்ந்து காஜா எடுக்க வேண்டியதுதான்.

வாய்த்த குழுவும் அப்படி. நைட் டூட்டி முடித்து வரும் நர்ஸுக்குத் தூக்கம், பேக்கரிக்காரருக்கு வெட்கம். முதல் நாள், நாலாவது ஆள் வரவேயில்லையே என்று பார்த்தபோது, தோளில் கனத்த பையோடு தாமதமாக உள்ளே நுழைந்தவர்தான் மௌனசாமி. மேசைக்கு நாலு தலை இருந்தால் மாஸ்டருக்குப் போதும், காலி நாற்காலியைக் கைகாட்டிவிட்டார்.

வந்தவர் தமிழில் ஏதோ ஆரம்பித்தார். வகுப்பில் தமிழ் பேசினால் மொத்தக் குழுவுக்கும் மார்க் போகும். டெய்லரக்கா அவர் காலை ஒரு மிதி மிதித்து உட்கார வைத்தாள்.

வகுப்பு முடிந்ததும் நழுவப் பார்த்தவரை வாசலில் மடக்கினாள்.

“நாளைக்கும் வரணும். நீங்க வராம எங்க மார்க் போச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். இனிமே வெளியிலயும் நமக்குள்ள இங்கிலீஷ்தான், புரிஞ்சுதா?”

அவர் வாயைத் திறந்தார். “இங்கிலீஷ்ல” என்று விரலை நீட்டினாள். மூடிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து ஒரு வகுப்புகூடத் தவறவில்லை, அதே பையோடு வந்து நின்றார். மின்விசிறி ஓடாத மூலையில் வியர்க்க விறுவிறுக்க மூன்று பேரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா, மெல்ல மெல்ல அவர் வாயிலிருந்தும் வார்த்தை வந்தது. அவருக்குச் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தே நர்ஸின் தூக்கமும் பேக்கரிக்காரரின் வெட்கமும் போன இடம் தெரியவில்லை. டெய்லரக்காவின் நாக்கும்தான் நன்றாகத் திரும்ப ஆரம்பித்திருந்தது, ஆனால் அதை அவள் ஒப்புக்கொள்வாளா?

இப்போது மாஸ்டரின் விரல் அவர்கள் மேசைப் பக்கம் திரும்பியது. யார் கூடாதென்று டெய்லரக்கா வேண்டிக்கொண்டாளோ, அவரைத்தான் எழுப்பியது.

மௌனசாமி எழுந்து, ‘என் லட்சியம்’ என்று குழு எழுதிக் கொடுத்திருந்ததைக் கடகடவென்று ஒப்பித்தார். மாஸ்டர் பாதியிலேயே கையைக் காட்டினார்.

“இது உங்க அக்கா தைச்சுக் கொடுத்த சட்டை. எனக்கு உங்க சொந்தப் பேச்சு வேணும். இந்த வகுப்புக்கு எதுக்காக வந்தீங்க? அதை மட்டும் இங்கிலீஷ்ல தப்பில்லாம சொல்லுங்க, நாலு பேருக்கும் பாஸ் போடறேன்.”

போச்சு. இந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் தயார் செய்யவேயில்லை. டெய்லரக்கா நர்ஸின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சூப்பர்வைசர் பதவி கண்ணெதிரே கைநழுவிப் போவது போலிருந்தது.

மௌனசாமி விட்டத்தை ஒரு முறை பார்த்தார். டெய்லரக்காவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஓரிடத்திலும் பிசகாமல், நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார்:

“மேல ஓடாம இருக்கே, அந்த ஃபேனை ரிப்பேர் பண்ணத்தான் வந்தேன் சார். அன்னிக்கே சொல்லியிருப்பேன், அப்போ எனக்கு இங்கிலீஷ் தெரியாது.”