மச்சான் மோதிரம்

மென்பொருள் வேலைக்காக ஹெல்சிங்கி போன முதல் வாரமே, தன் குரலில் தினமும் வீட்டுக்குப் பேசும் செயலி ஒன்றைச் சபரிநாதன் எழுதி வைத்துவிட்டான். பேசியதன் சுருக்கம் வாராவாரம் அவனுக்கு வரும். முதல் மாதம் படித்தான். பிறகு அதற்கும் நேரமில்லை; தங்கைக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது என்பது மட்டும் எப்போதோ அதில் கண்ணில் பட்டது.

ஒன்றரை வருடம் கழித்து லீவில் திண்டுக்கல் வந்தவன், பெட்டியைத் திறந்ததும் தங்கை தேன்மொழியிடம் ஒரு மோதிரத்தை நீட்டினான்.

"கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளைக்கு நான் போடவேண்டிய மச்சான் மோதிரம். அளவு சரியா இருக்குமான்னு பாரு."

அம்மா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"என்னடா பேசுற? கல்யாணம் நின்னுபோயி ஆறு மாசமாச்சு. நீதானே தினமும் பேசிப் பேசி இவளச் சாப்பிட வச்ச?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. தரையைப் பார்த்தபடியே உண்மையைச் சொன்னான். அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

தேன்மொழி மோதிரத்தை டப்பியில் வைத்து மூடி அவன் கையிலேயே கொடுத்தாள்.

"பரவால்லண்ணா. லீவு முடிஞ்சு நீ போனதும் அதையே பேசச் சொல்லு" என்றாள். "நடுவுல நீ லைன்ல வந்துராத."