பன்னிரண்டு தூக்கங்கள்

“இதுலயும் தூங்கறியாடி?”

பன்னிரண்டாவது படத்தின் முன்னால் நின்று அக்கா கேட்டாள். தங்கை அசட்டுச் சிரிப்பு சிரித்தாள்.

ஓவியர் மாப்பிள்ளையின் கண்காட்சி. பெயர் ‘ஓய்வு’. சுவர் நிறையத் தங்கைதான். சோபாவில் தூக்கம், ஜன்னலோரம் தூக்கம், மடியில் புத்தகத்தோடு தூக்கம். எல்லாவற்றிலும் கன்னத்துக்கடியில் கை, மூடிய உதடுகள், முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம்தான் இவள் போன் செய்திருந்தாள். “உடம்பு அசந்து வருதுக்கா. பத்து நாள் உன் வீட்டுல வந்து இருக்கட்டுமா?” அக்கா பிடி கொடுக்கவில்லை. மாமியார், இரண்டு பிள்ளைகள், காலை ஏழு மணிக்கு ஆபீஸ் பஸ் என்று ஓடுகிறவள் அவள். நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். இப்போது பார்த்தாகிவிட்டது.

“நான் கடைசியா பகல்ல படுத்தது சின்னவன் பிறந்தப்போ. உனக்கு இதுக்கு மேல என்னடி ஓய்வு வேணும்?”

“அது வந்துக்கா...”

“ஒண்ணும் வர வேண்டாம். கொடுத்து வச்சவ, பேசாம உன் வீட்டோட இரு.”

தங்கை கூடத்தின் நடுவிலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பக்கம் மாப்பிள்ளை தாடியை ஒருமுறை தடவிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“தூக்கம்னா என்ன? மனுஷன் எந்த வேஷமும் இல்லாம, நிராயுதபாணியா இருக்கற ஒரே நேரம். என் மனைவி தூங்கும்போது நான் பிரஷ்ஷைக்கூடச் சத்தமில்லாமத்தான் கழுவுவேன். அந்தத் தூக்கத்தோட உண்மைதாங்க என் கலை!”

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “புருஷன்னா இப்படி இருக்கணும்” என்றாள்.

அக்காவுக்கே வயிறு எரிந்தது. அவள் கண் அசந்தால் அவள் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டுவாரே தவிர, ஒருநாளும் குறைத்ததில்லை.

அப்போது கேட்டது ஒரு குறட்டை.

பெஞ்சில் உட்கார்ந்தபடியே தங்கை தூங்கிப்போயிருந்தாள். தலை ஒரு பக்கம் தொங்கி, வாய் திறந்து, ஓரத்தில் எச்சில் வேறு வழிந்துகொண்டிருந்தது. மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

மாப்பிள்ளை மைக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“அக்கா, எழுப்புங்க இவள!” பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். “பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்க, மானம் போகுது! தூங்கற லட்சணமா இது?”

சொல்லிக்கொண்டே அவரே தோளைப் பிடித்து உலுக்கினார்.

தங்கை கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் வாய் சட்டென்று மூடிக்கொண்டது. கை தானாகக் கன்னத்துக்கடியில் போனது. சுவரில் இருந்த அதே நிம்மதி முகத்தில் வந்து உட்கார்ந்தது.

“தூங்கலைங்க... சத்தியமாத் தூங்கலை. அசையாமத்தான் இருக்கேன், வரைங்க.”

என்ன பேச்சுப் பேசிவிட்டோம் என்று அக்காவுக்கு இருந்தது. தங்கையின் கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“மாப்பிள்ளை, அடுத்த படத்துக்குத் தலகாணிய மட்டும் வச்சு வரைஞ்சுக்கங்க. இவ என்கூட வர்றா, தூங்கறதுக்கு.”