பஞ்சு படியாத பொத்தான்

“ஒரு வாரமா இதே கூத்துத்தாம்மா. மத்தியானம் ஆனா நூற்பு செக்‌ஷன் மட்டும் பொசுக்குன்னு நின்னு போகுது. கரண்டு ஆபீஸ்ல கேட்டா, லைனு சுத்தமா இருக்குங்கிறாக.”

பொரிந்து தள்ளினார் முதலாளி விஜயபாண்டி. பாளையம்பட்டி தாண்டி இருந்த அவருடைய மில்லின் மின்சாரத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சோதித்துச் சொல்ல மதுரையிலிருந்து வந்திருந்தாள் இன்ஜினியர் ரோஷினி.

“யாரு தப்புன்னு மட்டும் சொல்லுங்க. இன்னையோட சீட்டைக் கிழிச்சிருதேன்.”

கேபிள், பிரேக்கர், ஜெனரேட்டர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றிலும் குறையில்லை.

மெஷின் சத்தத்தையும் மிஞ்சியது சூப்பர்வைசர் ஈஸ்வரியின் வாய். “ஏ முனீஸ்வரி! வயித்தைத் தள்ளிக்கிட்டு ஊர்கோலமா போற? அங்க நூலு அறுந்து கெடக்கு, ஓடு!”

நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் ஓடினாள். ரோஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளெல்லாம் ஒரு பொம்பளையா!

“உட்கார ஒரு ஸ்டூலாவது போடக்கூடாதா சார்?”

“உக்காந்து பழகிட்டா எந்திரிக்க மாட்டாளுகம்மா!” என்று சிரித்துவிட்டு ஆபீசுக்குப் போனார் முதலாளி.

மத்தியானம், சொல்லிவைத்த மாதிரி மெஷின்கள் நின்றன.

“நாசமாப் போற கரண்டு!” ஈஸ்வரியின் குரல்தான். பெண்கள் நின்ற இடத்திலேயே தரையில் சரிந்தார்கள். முனீஸ்வரி சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள்.

ரோஷினி மின்பலகைக்கு ஓடினாள். அங்கே எல்லாவற்றின் மேலும் பஞ்சு அப்பிக் கிடந்தது. ஆபத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதை யாரோ அமுக்கியிருந்தார்கள்.

பக்கத்தில் ஈஸ்வரி.

“நீங்கதானா?”

அந்தப் பெரிய வாய் கிசுகிசுத்தது. “பிள்ளத்தாச்சிம்மா. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. வீட்டுல இருன்னா, வேலை போயிருங்கிறா. நான் வஞ்சுக்கிட்டே இருந்தாத்தான் எம்மேல சந்தேகம் வராது.”

அதற்குள் முதலாளி மூச்சிரைக்க வந்துவிட்டார். “பிடிச்சிட்டீகளா? யாரு?”

ஈஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆள் தப்பில்ல சார். விடாம ஓடி மெஷினு சூடாகுது. தினம் மத்தியானம் கால் மணி நேரம் நீங்களே நிறுத்திடுங்க. நாமளா நிறுத்தினா அது கோளாறுக் கணக்குல வராது” என்றாள் ரோஷினி.

முதலாளியின் முகம் அப்படியே இளகிப்போயிற்று.

“கால் மணி என்னம்மா, அரை மணியே நிப்பாட்டுவோம். பாவம், மெஷினு! அதுவும் எம்புட்டு நேரந்தான் ஓயாம ஓடும்?”