ஞாயிற்றுக்குள் ஓட வேண்டிய கார்

‘ஜூலை 8, புதன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். டீக்கடையில் என் காரின் பெருமையைச் சத்தமாகப் பேசிவிட்டேன்.’

எழுதியதைப் படித்துப் பார்த்த மெஹக்குக்கு அது சிறிய தவறுதானா என்று சந்தேகம் வந்தது. ‘சிறு’ என்பதை அடித்தாள். யோசித்து, மறுபடியும் எழுதினாள். மாட்டுங்கா மாலை வகுப்பில் தமிழ் கற்றுத்தரும் பத்ரிநாராயணன் சார் கண்டிப்பானவர். நாட்குறிப்பு ஒரு தவறில் தொடங்கி, நாளைய வேலையில் முடிய வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

பெருமை பேசாமல் எப்படி இருப்பது? கூரையை மடித்துக்கொள்ளும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். இந்தியாவிலேயே விரல்விட்டு எண்ணிவிடலாம். கொலாபாவில் ஒரு பார்ஸிக்காரரிடம் கிடைத்தது. தாராவியில் வாப்பாவின் தோல் பட்டறையில் பை தைக்கிறவள் என்பதால், சீட்டுகளுக்குப் புதுத்தோல் போட்டுத் தானே தைத்துவிட்டாள். தினமும் கழுவுவாள். தோலுக்கு எண்ணெய் தடவுவாள். மழை வந்தால் நீலத் தார்ப்பாயைப் போர்த்துவாள்.

ஓட்டுவது மட்டும்தான் பாக்கி. அது ஓடாது.

“ஏளா, மய்யத்தக் குளிப்பாட்டுத மாதிரில்லா தினமும் குளிப்பாட்டுத!” என்றார் வாப்பா ஜெயினுலாப்தீன். “ஞாயித்துக்கெழமைக்குள்ள இஞ்சின் ஓடணும். இல்லன்னா பங்காருக்குத்தான், பழைய இரும்பு வெலைக்கு. மன்சூர் அலிகிட்டச் சொல்லிட்டேன், டெம்போவோட வந்துருவான்.”

இந்தக் கவலையோடுதான் டீக்கடையில் வாயை விட்டாள். பக்கத்துப் பெஞ்சில் பச்சை ரெயின்கோட்டு போட்ட ஒருவன் டீயில் பன்னை முக்குவதை நிறுத்திவிட்டு, “அவ்வளவு அபூர்வமான வண்டியா? எங்க நிக்குது?” என்று கேட்டான். சுனாபட்டியில் எந்தக் கட்டடம், எந்தச் சுவரோரம், சாயங்காலம் தான் எங்கே போயிருப்பாள் என்பது வரைக்கும் சொல்லிவிட்டாள்.

வியாழன் வகுப்பு முடிந்து வந்து பார்த்தால், தார்ப்பாய்க் கயிற்றில் யாரோ வேறு மாதிரி முடிச்சுப் போட்டிருந்தார்கள். பானெட்டைத் திறந்தாள். பழைய பேட்டரியைக் காணோம்.

மாடியிலிருந்து ஜோஸ்பின் அக்கா இறங்கி ஓடி வந்தாள். “பச்சை ரெயின்கோட்டு போட்ட ஒருத்தன், மெஹக்! கனத்த பையத் தூக்கிட்டு வந்தான். கனத்த பையத் தூக்கிட்டுப் போனான். போலீசுக்குப் போன் போடட்டா?”

“வேண்டாம்க்கா. எனக்கு இன்னும் சரியாத் தெரியல.”

மெஹக் காருக்குள் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை பழைய பெட்ரோல் பம்பைக் காணோம். அன்றும் காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். அன்றும் தலையை ஆட்டிக்கொண்டே இறங்கினாள்.

சனிக்கிழமை பழைய காயிலும் பிளக்குகளும் போயிருந்தன. ஜோஸ்பின் அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். “இட்லியப் பிட்டுத் திங்குத மாதிரில்லா திங்கான் அந்தத் திருட்டுப்பய! நாளைக்குப் பங்கார்க்காரன் வந்தா எடை போட ஸ்டியரிங்குதான் மிஞ்சும்.”

காரிலிருந்து இறங்கிய மெஹக் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

“அழாதட்டி. போனாப் போவுது, ஒரு ஸ்கூட்டி வாங்கிக்க.”

ஞாயிறு காலை மன்சூர் அலி கயிறும் டெம்போவுமாக வந்து நின்றான். வாப்பா கைகட்டி நின்றார். கட்டடமே பால்கனியில் நின்றது. கேட்டுக்கு வெளியே, மழையே இல்லாத நேரத்திலும், ஒரு பச்சை ரெயின்கோட்டு நின்றது.

“கடைசியா ஒரு தடவை பாத்துக்கிடுதேன் வாப்பா.”

மெஹக் ஏறி உட்கார்ந்தாள். சீட்டின் ஓரத் தையலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். சாவியைத் திருகினாள்.

உறுமல் கேட்டுச் சுவரிலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. கார் இரண்டடி நகர்ந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினாள். ஜோஸ்பின் அக்கா மாடியிலிருந்தே விசிலடித்தாள்.

மன்சூர் அலி பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். “பாய், பேட்டரி புதுசு, பம்பு புதுசு, காயில், பிளக்கு எல்லாம் பக்கா புதுசு! யாரு போட்டது?”

“ஒரு நல்ல மனுசன்” என்றாள் மெஹக். கேட்டுக்கு வெளியே நின்ற நல்ல மனுசன் திறந்த வாயை மூடவில்லை.

அவன் வண்டியையே திருடத்தான் வந்தான். வண்டி கிளம்பவில்லை. பேட்டரியை மாற்றினான்; கிளம்பவில்லை. பம்பை மாற்றினான், கிளம்பவில்லை. அவன் இஞ்சினையே மாற்றியிருந்தாலும் கிளம்பியிருக்காது. இஞ்சினுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டும் சுவிட்சைச் சீட்டுத் தோலுக்குள் வைத்து மெஹக் தைத்திருந்தாள். தினமும் வகுப்பு முடிந்து வந்து, அதை அழுத்தி, அன்றைய ரிப்பேர் பலித்ததா என்று பார்ப்பாள். சனிக்கிழமைதான் இஞ்சின் லேசாக முனகியது; உடனே அணைத்துவிட்டு, துப்பட்டாவுக்குள் சிரித்தாள்.

“வாளா, கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் ஒரு ரவுண்டு போவோம்” என்று வாப்பா குழந்தையைப் போலக் கதவைத் திறந்தார்.

“இன்னைக்கு வேண்டாம் வாப்பா. இன்னும் ஒரு வேலை கிடக்கு.”

அன்று நாட்குறிப்பில் தவறு என்று எழுத ஒன்றும் அகப்படவில்லை. நேராகக் கடைசி வரிக்குப் போனாள்.

‘நாளைய வேலை: அதே டீக்கடையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து, “வண்டி ஓடிருச்சு, பிரேக்குதான் பிடிக்க மாட்டேங்குது” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.’