ஒருவர் மட்டும் எழவில்லை

வெந்தெலின் என்ற கிழவர் வெந்நீர்க் குளத்தில் கால் வைத்ததும் முதலில் எழுந்தவர் இம்ரிக்.

அவர் பின்னால் ஒவ்வொருவராக மற்றவர்களும் எழுந்தார்கள். மூடிப்போன வெள்ளிச் சுரங்கத்தின் பழைய ஆட்கள். புதன்கிழமைக் காலையில் இந்தக் குளம் அவர்களுக்குத்தான்.

பிடிக்காதவனோடு ஒரே தண்ணீரில் உட்காருவதில்லை. அதைவிடப் பெரிய வசவு இந்த மலையூரில் கிடையாது.

சுரங்கத்தை மூடாதே என்று இவர்கள் அடியாழத்தில் பட்டினி கிடந்தபோது, ஆள் இறக்கும் கூண்டை இயக்கிப் போலீசைக் கீழே இறக்கியவர் வெந்தெலின். அந்த வாரமே ஊரை விட்டுப் போனவர், கிழவராகி இப்போதுதான் வருகிறார், நெஞ்சு நிறையக் கல்தூசியோடு. சாவதற்குள் ஒரு தடவை பழைய ஆட்களோடு இந்தத் தண்ணீரில் உட்கார வேண்டும். மகள் ஒத்திலியாவிடம் அவர் வேறெதுவும் கேட்டதில்லை.

அப்பாவின் அக்குளில் கை கொடுத்து அவள் ஒவ்வொரு படியாக இறக்கினாள்.

"பாத்து எறக்கும்மா," என்றார் இம்ரிக், துண்டைப் பிழிந்தபடி. "தெரியலன்னா உங்கப்பனக் கேளு. ஆள எறக்குறதுல அவன் கெட்டிக்காரன்."

சிரித்துக்கொண்டே உடை மாற்றும் அறைக்குப் போனார்கள்.

எதிர் மூலையில் ஒருவர் மட்டும் எழவில்லை. கெய்சா. துருநிறத் தண்ணீர் அவர் கழுத்துவரை இருந்தது. கண்ணைத் திருப்பாமல் அப்பாவையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"தெய்வம் துணை, கெய்சா!" என்றார் அப்பா. குழிக்குள் இறங்கும்போது சொல்லிக்கொள்வது அது. அதற்குள் மூச்சு வாங்கியது.

கெய்சா தாடையை இறுக்கினார். அப்பாவின் முகத்தில் மட்டும் வெளிச்சம்.

ஒத்திலியா கரையைச் சுற்றிப் போய்க் குனிந்தாள். "ரொம்ப நன்றி, மாமா."

"எதுக்கு நன்றி? எனக்கு முட்டிக்குக் கீழ ரெண்டு காலும் இல்ல. எம்மவன் வந்து தூக்குற வரைக்கும் இந்தச் சனியன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான் கெடக்கணும்."

குழாயில் கொட்டும் தண்ணீரின் இரைச்சலில் அப்பாவுக்கு அது கேட்கவில்லை. சிரித்தபடி, கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டார்.

ஒத்திலியா வெளியே வந்தாள்.

காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வாசலுக்கு வந்துகொண்டிருந்தான். அதே தாடை. அதே முறைப்பு.

"இன்னும் அரை மணி நேரம் ஆகட்டும்னு உங்கப்பா சொன்னாரு," என்றாள்.

அவன் நாற்காலியில் தானே உட்கார்ந்து ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தான்.