முதலில் பார்த்தவள்

தெலுக் இந்தானிலிருந்து கோலாலம்பூருக்குப் படிக்க வந்த சுபாஷினி, வாராவாரம் ஒரு பேட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவாள். பார்த்ததை அறைத்தோழி லோகேஸ்வரியிடம் அளந்துவிடுவதில்தான் அவளுக்குப் பாதி சுகம். லோகேஸ்வரி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள்.

முதல் வாரம் செந்தூல். "பழைய ரயில் பட்டறை சும்மா பூட்டிக் கிடக்கு," என்றாள் சுபாஷினி.

"பட்டறைச் சங்கு ஊதுனா காது அடைச்சிடும் லா," என்றாள் லோகேஸ்வரி.

சுபாஷினிக்கு வயிறு எரிந்தது. அவள் போனபோது எந்தச் சங்கும் ஊதவில்லை.

அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸ். எங்கு திரும்பினாலும் சேலைக்கடையும் கொண்டோ அடுக்குமாடியும்தான். பேரிலேயே செங்கல் இருக்கிறதே, சூளை எங்கே என்று கேட்டதற்கு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை அண்ணன் சிரித்தார். "அதெல்லாம் எங்க பாட்டன் காலத்துலயே போச்சும்மா."

வெறுங்கையோடு அறைக்குத் திரும்பினாள். லோகேஸ்வரி அதே கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டின் அடியில் செம்மண் ஈரமாக அப்பியிருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு செங்கல். சுபாஷினி தொட்டுப் பார்த்தாள். விரலைச் சுட்டது.

கதவைச் சாத்திவிட்டு வந்து, லோகேஸ்வரியைத் தட்டி எழுப்பினாள்.

"என்னை விட்டுட்டுப் போயிட்டே, இல்ல?"